உள்பக்கம் திரும்பிய ராணி

தாலி பிரித்துக் கோர்க்கும் நாளில், தாலிக்கு இரண்டு பக்கமும் தொங்கவிடப் பொற்காசு கொண்டுவர வேண்டியது பெண் வீட்டார். எனக்கு அம்மா இல்லை. ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த அப்பாதான், அதே ஊரில் தாமுவே பகுதியில் இருந்த என் புகுந்த வீட்டுக்குக் காசுகளை மடியில் முடிந்துகொண்டு வந்தார். "ரெண்டும் ராணிக் காசு, சோடி" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். பெருமையை மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது.

கோர்க்க உட்கார்ந்த மாமியாருக்கு ஒன்று சிறியதாகத் தெரிந்தது. மகனிடம் நீட்டினார். என் கணவர் கம்பெனி கிளார்க். படித்ததைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டார்.

"இது நம்ம இங்கிலீஷ் ராணி இல்லம்மா. ஸ்பெயின் ராணி. இதுல போட்டிருக்கிற வருஷந்தான் அவளை நாட்டைவிட்டே துரத்தினாங்க. அப்புறமும் அவங்க ஆண்ட மணிலாவுல அச்சை மாத்தாம இவ முகத்தையே அடிச்சிட்டு இருந்தாங்க."

"துரத்திவிட்டவ முகமா? தாலி பக்கத்துலயா?" மாமியார் சத்தம் போடவில்லை. அடுப்படியில் இருந்த பெண்களுக்குக் கேட்கும் அளவுக்குத்தான் சொன்னார்.

எனக்கு முகம் எரிந்தது. அவர்கள் மேல் கோபமாவது வந்திருக்கலாம். வரவில்லை. அப்பாவை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன். அவர் கால் வெடிப்பில் ஒட்டியிருந்த தவிடுகூட எனக்கு அவமானமாக இருந்தது.

"தெரியலைன்னா யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?" என்றேன், அத்தனை பேருக்கும் முன்னால்.

"கேட்டேன் தாயி. வித்த கப்பக்காரன், ராணிதான்னு சொன்னான்."

அடுப்படியில் யாரோ சிரித்தார்கள். அப்பா வேலைக்கு நேரமாகிறது என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். நான் தடுக்கவில்லை.

ஒற்றைக் காசோடு தாலி கோர்க்க முடியாது. வேறு காசுக்கு அப்பாவிடம் வழியும் இல்லை. நல்ல நேரம் முடிவதற்குள் மாமியார் அந்த ராணியின் முகத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கோர்த்துவிட்டார். வெளியே காசின் மறுபக்கத்துக் கேடயச் சின்னம் மட்டும் தெரிந்தது. காசைத் திருப்பி அனுப்பாமல் விட்டதே பெரிய மனசு என்று எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். நானும் தலையாட்டினேன்.

அப்புறம் அப்பா வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொள்வேன். ஒருநாள் மறந்துபோனேன். அவர் கண் அந்தக் காசில் நின்றது. வாய் திறக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"திருப்பிப் போட்டதும் நல்லதுதான் தாயி" என்றார். "முகம் தேயாம இருக்கும்."