தாப்பாய் தின்று ஊதிய காலை

துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். காலையில் கேட் வாசலில், குடித்திருக்கிறோமா என்று காட்டுகிற மெஷினில் ஊத வேண்டும். பூஜ்யம் வந்தால்தான் சாவி கிடைக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு தடவை எனக்குப் பூஜ்யம் வரவில்லை. அன்று குடித்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். மறுபடி ஒரு தடவை அப்படி ஆனால் வேலை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் தொடவில்லை. யார் நம்புகிறார்கள்.

ஹரிராயா பெருநாள் முடிந்து இரண்டு நாள். எங்கள் ஜெலுத்தோங் பிளாட்டில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நான் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு டப்பா தாப்பாய் கொடுத்தார். பசையரிசியைப் புளிக்க வைத்துச் செய்கிற இனிப்பு. ராயாவுக்கு அவர்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவார்கள். வேலை இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, நின்றபடியே முழு டப்பாவையும் தின்றேன். அடியில் கிடந்த சாற்றையும் குடித்தேன். நேராகப் போய் ஊதினேன்.

மெஷின் கத்தியது.

கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகா மெஷினை வாங்கிப் பார்த்தார். சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். அவர் வந்து என் முகத்துக்குப் பக்கத்தில் மூக்கை நீட்டினார்.

"என்னண்ணே, ராயா நல்லா கொண்டாடிட்டீங்க போல."

"தாப்பாய் சாப்பிட்டேன் தம்பி."

"எல்லாரும் இருமல் மருந்துன்னுதான் சொல்லுவாங்க. நீங்க புதுசா சொல்றீங்க."

"டப்பா மோட்டார்ல இருக்கு. மோந்து பாருங்க."

"டப்பாவுக்கு லைசென்ஸ் இல்ல லா அண்ணே. நீங்கதான் ஊதணும்."

வாயைக் கொப்பளித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்னார். "வாயில மட்டும் இருந்தா போயிடும். ரத்தத்துல இருந்தா போகாது."

ஜாகா தண்ணீர் கொடுத்தார். மூடி திறந்திருந்த போத்தல். எதையாவது கலந்திருந்தால்? வேண்டாம், புதுசு கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் கொப்பளித்தேன். கழிவறைக்குப் போகக் கேட்டேன். விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜாகா என் கையையே பார்த்துக்கொண்டு பின்னால் நின்றார்.

மற்ற டிரைவர்கள் ஊதிவிட்டு உள்ளே போனார்கள். ஒருவன் கேட்டான், "மாமா, மறுபடியுமா?"

மெஷின் கெட்டுப்போயிருக்கலாம் என்று நினைத்தேன். வேண்டுமென்றே செய்கிறார்களோ என்றும் நினைத்தேன். பிறகு வேறு பயம் வந்தது. தின்றது முழு டப்பா. எவ்வளவு ரத்தத்தில் ஏறும் என்று எனக்குத் தெரியாது. குடிக்காமலே குடித்தவன் ஆகிவிட்டேனோ.

நேரம் ஆனது. "ஊதுற குழாய் புதுசா?" என்று கேட்டேன். ஜாகா என் கண்முன் பிளாஸ்டிக்கைக் கிழித்து மாட்டினார். ஊதினேன்.

பூஜ்யம்.

சூப்பர்வைசர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். தானும் ஊதினார். பூஜ்யம். என்னை இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அதுவும் பூஜ்யம்.

"சரி, போங்க," என்று சாவியைக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க வரிசையில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். தினமும் புதுக் குழாய் கேட்டு வாங்கி ஊதினேன்.