டப்பாவில் வந்த வத்தக்குழம்பு

ரத்தம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் ஜனங்கள் பயப்படுவார்கள். மற்றதை வாங்கி வைக்கிற எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நாங்களும் அப்படியே. விருத்தாசலத்தில் ஒரு சின்ன லேபில் எனக்கு வேலை. கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தபோது கிருமிகளின் பெயர்களைத் தடுமாறாமல் சொல்வேன். அவை எதில் இருக்கின்றன என்பதை ஒரு பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாரும் பழக்கவில்லை. லேபில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள்.

உப்பு

பீங்கான் கம்பெனிகளுக்குக் காலை டிபனும் மதியச் சாப்பாடும் போடுகிற மெஸ் ஒன்று. ஒரு நாள் அங்கே சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் பேதியும் கண்டுவிட்டது. கம்பெனிக்காரர்கள் சத்தம் போட்டதில், மெஸ் முதலாளி தன் சமையல் ஆட்களையெல்லாம் பரிசோதனைக்காக எங்களிடம் அனுப்பிவிட்டார். வேறொன்றுமில்லை, சமைக்கிறவர் வயிற்றில் கிருமி இருந்தால் அது கை வழியாகச் சாப்பாட்டுக்கு வந்துவிடும். நான் ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்து, தரையைப் பார்த்தபடி, "நாளைக்குக் காலையில சாம்பிள் கொண்டாந்துடுங்க" என்றேன். என்ன சாம்பிள் என்பதை அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் முதலில் வந்தவர் தலைமைச் சமையல்காரர் கலியமூர்த்தி. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறைய விபூதி. டப்பாவை வாங்கினால் சுட்டது. மூடியைத் திறக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. உள்ளே வத்தக்குழம்பு, மேலே எண்ணெய் மிதக்க.

"நைட்டே வச்சா ஆறிப் போயிடும்னு விடியக்காத்தால எழுந்து வச்சேன் பாப்பா. உப்பு மட்டும் பாத்துச் சொல்லிடு" என்றார்.

அந்த வார்த்தை

"அது இல்லீங்க. வேற சாம்பிள்" என்றேன்.

"வேறன்னா, ரசமா?"

"சாப்பாடு இல்லீங்க. உங்களோடது."

"இதுவும் என்னோடதுதான். நானே கைப்பட வச்சது."

ரத்தம் எடுக்கிற ஜெயந்தி அக்கா இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். அவர் உள்ளே ஒரு குழந்தையோடு போராடிக்கொண்டிருந்தார். கடைசியில் நான் "மோஷன்" என்றேன். அது என் காதுக்கே கேட்கவில்லை. "என்னாது?" என்று கலியமூர்த்தி குனிந்தார். இரண்டாவது தடவை சொன்னது, ஆட்கள் காத்திருந்த பெஞ்சு முழுக்கக் கேட்டுவிட்டது. அவர் டப்பாவை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட அந்தச் சட்டையை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பெஞ்சில் கையெல்லாம் வெள்ளை மண் காய்ந்திருந்த பீங்கான் கம்பெனித் தொழிலாளி ஒருவர், சுகர் பார்க்க வந்தவர், சிரிக்காமல் சொன்னார்: "நாங்க அதுக்குக் கோப்பை செஞ்சுதான் சோறு துன்றோம் பாப்பா. நீ பேரச் சொல்றதுக்கே இம்மாம் வெக்கப்பட்டா, நாங்க எங்க போறது?"

கைரேகை

காய் நறுக்குகிற வடிவேலுவிடம், "கையைக் காட்டுங்க" என்றேன். விரல்களைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்க வேண்டும். அவர் உள்ளங்கையை லுங்கியில் துடைத்துவிட்டு என் முன்னால் விரித்து, "கல்யாணம் எப்ப ஆவும்னு பாருங்க மேடம்" என்றார். ரேகையைவிட முக்கியமானது கட்டைவிரலில் துணி சுற்றிக் கிடந்தது. பிரித்தால் சீழ்.

வாந்தி வந்த அன்று உருளைக்கிழங்கு மசாலாவைப் பிசைந்தது அந்தக் கைதான். சீழில் இருக்கிற கிருமி, பிசைந்து வெளியே வைத்த மசாலாவில் பெருகி நஞ்சைக் கக்கிவிடும். மறுபடி சுட வைத்தால் கிருமி சாகும், நஞ்சு போகாது. இதை நான் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். அது இவர் விரலிலிருந்துதான் போயிருக்கும் என்பதை மட்டும் சொல்லாமல் முழுங்கினேன். அவராகவே புரிந்துகொண்டு விரலை வெகுநேரம் பார்த்தார்.

"அதான் மேடம் எனக்கு மட்டும் ஒண்ணும் ஆவல. மசாலா பெசஞ்சதுல வெரலு வலி கண்டு, சோறு பெசஞ்சு திங்க முடியலன்னு நான் அன்னிக்குச் சாப்புடவே இல்ல."

மஞ்சள்

அதே மெஸ்ஸில் சமைக்கிற அஞ்சலை அக்காவுக்கு ஊர் கம்மாபுரம் பக்கம். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு அந்த வீட்டில் அடுப்பெரிவது இந்தச் சமையல் வேலையில்தான். அவர் கொடுத்த டப்பாவிலிருந்து கிருமி வளர்க்கிற எங்கள் கண்ணாடித் தட்டில் டைபாய்டு கிருமி வளர்ந்திருந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆள் நன்றாக இருந்தார். சிலருக்கு இப்படித்தான். எப்போதோ வந்த டைபாய்டு போன பிறகும் கிருமி பித்தப்பையில் தங்கிவிடும். அவர்களை ஒன்றும் செய்யாது, அவர்கள் கையால் சாப்பிடுகிறவர்களைப் படுக்க வைக்கும்.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். டாக்டர் எழுதித் தருகிற மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். திரும்பத் திரும்பப் பரிசோதித்து, கிருமி இல்லை என்று வரும்வரை சமையலில் கை வைக்கக் கூடாது. கக்கூஸ் போய்விட்டு வந்தால் நகத்தடி வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். என் அம்மா வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்லும்போது என் காது சுட்டது. அவர் இரண்டு கைகளையும் புடவைத் தலைப்புக்குள் சுற்றி மறைத்துக்கொண்டார். வேலை போய்விடுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"ரெண்டு வேள குளிக்கிறேன், மஞ்ச தேச்சுக் குளிக்கிறேன். அது எந்த நேரத்துலம்மா உள்ள பூந்துச்சு?"

ஓனர்

முதலாளி நேரிலேயே வந்தார். "அந்தம்மாவ நிறுத்திடறேன். ஊருல தெரிஞ்சா மெஸ்ஸுக்குக் கெட்ட பேரு" என்றார்.

"நிறுத்த வேணாங்க. மாத்திரையில சரியாவ வாய்ப்பு இருக்குது. அதுவரைக்கும் டோக்கன் குடுக்க உக்கார வைங்க" என்றேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. பேசிவிட்டு வியர்த்துப் போனேன். அவர் யோசித்து, சரி என்றார். கூடவே, மெஸ்ஸின் சுத்தத்துக்குத் தானே பொறுப்பு என்றும், தான் தொட்டு ருசி பார்க்காமல் ஒரு அண்டாவும் வெளியே போகாது என்றும் பெருமையாகச் சொன்னார். நான் மேஜையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கெதுக்கும்மா டப்பா?" என்றார். "நான் ஓனரு."

இட்லி

மாத்திரை முடிந்த பிறகு அஞ்சலை அக்கா பலமுறை டப்பா கொண்டுவந்தார். யாருக்கும் தெரியக் கூடாதென்று டிபன் கேரியருக்குள் வைத்து எடுத்துவருவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி வரும்போதெல்லாம் என்ன குழம்பு என்று கேட்கிறாளாம். ஒவ்வொரு தடவையும் கிருமி இல்லை என்றே வந்தது. மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து மெஸ்ஸில் குடிதண்ணீர் சாம்பிள் எடுக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்து இலை போட்டார். இரண்டு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. சாம்பார் கொதிக்க வைத்து இறக்கியது. சட்னி கொதிக்காதது, அவர் அரைத்தது. கிருமி இல்லை என்று சொன்னதே நான்தான். இருந்தும் இட்லியைப் பிட்டு எடுத்த என் கை, சட்னியை விட்டுச் சாம்பார் பக்கமாகத் திரும்பியது. அக்கா பார்த்துவிட்டார். கோபமாகவெல்லாம் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

"நீ சொன்னதாலதானே கண்ணு எல்லாரும் சாப்புடுறாங்க. நீயே நம்பலன்னா எப்படி?"

படித்ததைச் சாப்பாட்டு நேரத்தில் மறக்கத் தெரியாத என்னைப் போன்ற லேப்காரர்கள், சட்னியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.