டெம்போவில் வந்த நூலகம்

நூலக அறிவியலில் முதுகலை படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது, அது என்ன படிப்பு என்று ஆம்பூரில் எங்கள் தெருவில் யாரும் விசாரிக்கவில்லை. "புக்கு எடுத்துக் குடுக்குறதுக்கு இன்னாத்துக்குடி ரெண்டு வருஷம்?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள். எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி அதுதான். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்லவில்லை. அந்த அக்காவிடம் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் கிடையாது.

உண்மையான காரணம் ஒன்றுதான். பட்டப்படிப்பு முடித்ததும் ஷூ கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்திருந்தேன். விடிந்தும் விடியாமலும் தெருமுனைக்குக் கம்பெனி வேன் வரும். அம்மா ஏறுவாள், பின்னால் நான் ஏறுவேன். ஷூவின் மேல்தோலைத் தைத்துத் தைத்து, சாயங்காலம் அதே வேனில் தலை தொங்கி வருவோம். அந்த வேனில் இன்னொரு முறை ஏறக்கூடாது. அதற்காகத்தான் படித்தேன். அறிவுத் தாகம், புத்தகக் காதல் என்றெல்லாம் சேர்க்கையின்போது சொன்னேனே, அது அத்தனையும் சும்மா. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜோடி முடித்தாய் என்று யாரும் கேட்காத இடத்தில், ஒரு நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது.

வகுப்பு வேலூரில். காட்பாடி வரை ரயில், அங்கிருந்து பஸ். படிப்பிலேயே பெரிய வித்தை புத்தகத்துக்கு எண் கொடுப்பது. எந்தப் பொருள், அதில் எந்தப் பிரிவு, எந்த மொழி என்று பார்த்து அதன் எண்ணைக் கண்டுபிடித்து, முதுகில் ஒட்ட வேண்டும். கூத்து என்னவென்றால், பழகுவதற்குத் துறையில் புத்தகங்கள் இல்லை. தலைப்புப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு நாங்கள் எண் போட்டோம். நான் அதில் கெட்டிக்காரி. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் எண் சொல்லிவிடுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. கேட்பாரும் இல்லை.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தபோது, நெடுஞ்சாலை ஓரத்திலிருந்த ஒரு கலைக் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரே டிரஸ்டுக்கு மூன்று கல்லூரிகள், அதில் இது ஒன்று. கல்லூரிக்கு அனுமதியைப் புதுப்பிக்கிற கமிட்டி இரண்டு வாரத்தில் வரப்போகிறது, நூலகத்தைத் தயார் செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே எல்லாம் மேனேஜர்தான். சட்டைப் பையில் இரண்டு போன், வாயில் எப்போதும் ஏலக்காய்.

"கமிட்டி நல்லபடியா போய்ட்டா நீதான்மா லைப்ரரியன். ஆர்டர் அடிச்சிக் குடுத்துடுறேன்" என்றார்.

"இன்னும் ரிசல்ட் வரலயே சார்."

"வந்துடும்ல. அப்றம் இன்னா?"

இதை வீட்டில் சொன்னதுதான் தப்பு. அம்மா மறுநாளே வேன் முழுக்கச் சொல்லிவிட்டாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை ஒன்றை பஜாரிலிருந்து வாங்கி வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை, பொய் சொல்வானேன்.

நூலகம் என்று மேனேஜர் திறந்து காட்டியது ஒரு நீளமான ஹால். அலமாரிகள் இருந்தன, புத்தகம் இல்லை. இரண்டு நாள் கழித்து டெம்போவில் வந்தது. டிரஸ்டை நடத்துகிற முதலாளிக்குத் தோல் வியாபாரமும் உண்டு. தோல் ஏற்றுகிற அதே டெம்போவில், கோணிப்பையில் கட்டிப் புத்தகங்களை அனுப்பியிருந்தார்கள். ஆம்பூர்க்காரிக்கு அந்த வாடை புதிதில்லை. ஆனாலும் ஒரு வரலாற்றுப் புத்தகத்தைப் பிரித்ததும் ஈரத்தோல் வாடை குப்பென்று வந்தபோது குமட்டியது. பியூன் ரூம் ஸ்பிரே அடித்தார். அப்புறம் மல்லிகைப்பூவும் தோலும் சேர்ந்து நாறியது.

முதல் பக்கங்களில் அதே டிரஸ்டின் பி.எட். கல்லூரி முத்திரை இருந்தது. அதை மறைத்து இந்தக் கல்லூரிப் பெயர் அச்சிட்ட லேபிளை ஒட்டுவது என் வேலை. "எல்லாம் நம்ம புக்குதான்மா. வீட்ல ஒரு ரூம்லருந்து இன்னொரு ரூமுக்குக் கொண்டாந்து வெக்கிறதில்ல?" என்றார் மேனேஜர். சில புத்தகங்களில் முத்திரைக்கு மேல் ஏற்கெனவே ஒரு லேபிள் இருந்தது. ஓரம் பிய்ந்த ஒன்றை நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொன்று. சுவரொட்டி மேல் சுவரொட்டி மாதிரி, இதே கல்லூரியின் பெயர், பழைய எழுத்தில். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். இரண்டு வருடப் படிப்பும் ஒரு காட்டன் புடவையும் கண்ணை மறைத்தன. அந்த லேபிள் மேலேயே புதியதை ஒட்டினேன்.

"நம்பரு ஏதோ ஒண்ணு எழுதி ஒட்டுமா. அவங்க முதுகதான் பாப்பாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தெரிந்த ஒரே வித்தை அது. அதையும் ஏனோதானோ என்று செய்வேனா? படித்தபோது வாங்கிய எண் அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் சரியான எண் போட்டேன். ஜெராக்ஸ் இல்லாமல் நிஜப் புத்தகத்தைக் கையில் பிடித்து எண் போட்டது அதுதான் முதல் தடவை. தோல் வாடையையும் மீறி ஒரு சந்தோஷம் இருந்தது. அலமாரிகள் நிறைந்ததும் ஹாலின் வாசலில் நின்று பார்த்தேன். என் நூலகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கமிட்டி வந்த அன்று மேஜையில் என் பெயர்ப்பலகை இருந்தது. பெயருக்குப் பின்னால் இன்னும் வராத பட்டமும் அச்சாகியிருந்தது. வாசகர்கள் வேண்டுமே, ஒரு வகுப்பையே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். "புக்கத் தொறந்து வச்சிக்கினு உக்காருங்க. போன் யாராவது எடுத்தீங்க, தொலைச்சிடுவேன்" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

கமிட்டிக்காரர்களில் இருவர் ஜன்னல் ஓரமாக நடந்து போய்விட்டார்கள். மூன்றாமவர், கண்ணாடி போட்ட வயதானவர், ஓர் அலமாரி முன் நின்றார். நாலைந்து புத்தகங்களை உருவி, தலைப்பையும் எண்ணையும் பார்த்தார்.

"யார் வகைப்படுத்தினது?"

"நான்தான் சார்."

"சரியா பண்ணியிருக்கீங்க. இப்பல்லாம் யாரும் இவ்ளோ மெனக்கெடறதில்ல."

படித்த காலத்தில் யாரும் என்னைப் பாராட்டியதில்லை. கிடைத்த ஒரே பாராட்டு இந்தப் பொய்க் கடையில் கிடைத்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் ஒரு பக்கம் இனிக்கிறது, ஒரு பக்கம் வயிறு எரிகிறது.

அவர்கள் சாப்பிடப் போனதும் மாணவர்கள் திறந்த புத்தகங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசி வருஷ பி.காம். முன்னால் வைத்த புத்தகத்தை நிஜமாகவே படிக்க ஆரம்பித்திருந்தாள். தடியான தமிழ் நாவல். நான் பக்கத்தில் போய் நின்றதும் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"மிஸ், இத வீட்டுக்கு எடுத்துனு போலாமா?"

"கார்டு போடணும்மா. நாளைக்கு வா, உனக்குத்தான் மொத கார்டு."

அவள் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்து மூடிக் கொடுத்தாள். அதை மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன். என் முதல் வாசகி என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

மறுநாள் காலை நான் போனபோது ஹாலின் பின்வாசலில் டெம்போ நின்றிருந்தது. கோணிப்பைகளில் பாதி ஏறிவிட்டிருந்தது. மேஜை மீது பெயர்ப்பலகை இல்லை. இழுப்பறையைத் திறந்தேன், அந்த நாவலும் இல்லை.

"என்ன சார் இது?"

"இன்ஜினியரிங் காலேஜுக்கு அடுத்த வாரம் கமிட்டி. அங்க அவங்க ஆளு இருக்காங்க, லேபிள் அவங்களே ஒட்டிப்பாங்க."

"என் ஆர்டர்?"

ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார். "இங்க புக்கே இல்லயேமா, லைப்ரரியன் இன்னா பண்ணுவ? அடுத்த கமிட்டி வர்றப்ப கண்டிப்பா கூப்புடுறேன். வேல சுத்தமா பண்ற நீ."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பில்தான் ஒவ்வொன்றாக வந்தது. புடவையின் கஞ்சி மொடமொடப்பு அப்படியே இருந்தது, மடிப்புகூடக் கலையவில்லை. வாணியம்பாடியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

முதல் வகுப்பில் தேறியிருந்தேன். ரிசல்ட்டைப் பார்த்து அம்மா தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். வேனில் கேட்பவர்களுக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்டதில்லை. அரசு வேலைக்கு எழுதிப் போட்டேன், தனியார் பள்ளிகளில் ஏறி இறங்கினேன். எங்கும் நூலகர் இருந்தார், அல்லது நூலகம் இல்லை. மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் தோசை வார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "சூப்பர்வைசராண்ட கேட்டு வச்சிருக்கேன். நீ படிச்சத வேஸ்ட்டுனு நான் சொல்லல. சும்மா உக்காந்திருந்தா மனசு ஜாஸ்தி கெட்டுடும்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நானும் மறுக்கவில்லை.

அந்த வேன் மாறவில்லை. அதே கிழிந்த சீட், அதே தூக்கம். அம்மா முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் கடைசி சீட்டுக்குப் போனேன். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. கொஞ்ச தூரம் போனதும் என்னையே பார்த்தாள்.

"நீங்க லைப்ரரி மிஸ்தானே?"

அந்த பி.காம். பெண். பரீட்சை முடிந்த மறுவாரமே இங்கே சேர்ந்துவிட்டாளாம். நான் ஏன் இந்த வேனில் என்று அவள் கேட்கவில்லை. அந்த மட்டும் புண்ணியம்.

"மறுநாள் வந்தேன் மிஸ். ஹாலு பூட்டியிருந்திச்சி. அதுக்கு அடுத்த நாளும் வந்து பாத்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் ஆவலாக என் பக்கம் சாய்ந்தாள்.

"அந்தக் கதைல அவ வூட்ட வுட்டுட்டு ரயில் ஏறிடுறா மிஸ். அதோட வுட்டுட்டேன். கடைசில இன்னா ஆவுறா? திரும்பி வந்துடுறாளா?"

வேன் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. என் கண் முன்னால் அந்தப் புத்தகத்தின் முதுகு தெரிந்தது. 894.8113, என் கையெழுத்து, புள்ளிகூடப் பிசகவில்லை.

"தெரியல மா" என்றேன். "நான் படிக்கல."