டிக்கெட் எடுக்காமல் வந்த பூ

குன்னூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு துண்டுக் கடல் இருந்தது. மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, இரண்டு க்ளவுன் மீன்கள், உயிரோடு வளரும் ஒரு பச்சைப் பவளம். எல்லாம் என் கணவர் ஆசை ஆசையாகச் சேர்த்தவை. மலை மேல் இருந்துகொண்டு இது என்ன பைத்தியம் என்று நான் திட்டாத நாள் இல்லை.

கடலிலிருந்து எடுத்த புதுப் பாறைத் துண்டு வாங்கி வந்தால் நேரே தொட்டியில் போட மாட்டார். பக்கெட்டில் உப்புத் தண்ணீர் விட்டு, சின்ன மோட்டாரோடு ஒரு மாதம் போட்டு வைப்பார். பொந்துக்குள் எதுவாவது ஒளிந்து வந்திருக்குமாம்.

"டிக்கெட் எடுக்காம வர்ற பசங்க அம்முணி. முள்ளுப் புழு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், மிச்சம் மீதியத் தின்னுக்கும். காலெல்லாம் முடி வெச்ச நண்டை வெளிய போட்டறோணும். கண்ணாடிப் பூன்னு ஒரு பிராணி, பாக்கத்தான் பூ மாதிரி, அது மட்டும் ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது. பவளத்தைக் கொட்டிக் கொட்டியே கொன்னுபோடும்."

நான் பாதிதான் காதில் வாங்குவேன்.

கடைசியாக வாங்கிய பாறை பக்கெட்டில் கிடந்த பத்தாம் நாள், மாரடைப்பில் போய்விட்டார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பக்கெட் எல்லோர் காலிலும் இடறியது. யாரோ அதை வெளியே கொட்டப் போனார்கள். பதறிப்போய்ப் பாறையைப் பிடுங்கித் தொட்டிக்குள் வைத்தேன். காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

சில வாரங்களில் அந்தப் பாறையில் ஒரு பூ முளைத்தது. தேன் நிறம், மெல்லிய இழைகள். அழகாகவே இருந்தது. பக்கத்திலிருந்த பவளம் சுருங்கிய பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. என் அப்பா தேயிலை எஸ்டேட்டில் செடிகளைக் கவாத்து வெட்டியவர். எனக்குத் தெரிந்த வைத்தியமும் கத்திதான். அடியோடு வெட்டி எடுத்தேன். பத்தே நாளில் தொட்டியெங்கும் குட்டிப் பூக்கள். வெட்ட வெட்டத் தேயிலை தழைப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவளுக்கு இது தோன்றவில்லையே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவர் வழக்கமாக வாங்கும் கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் போட்டேன்.

"அதை வெட்டவே கூடாதுங்க அக்கா. ஒவ்வொரு துணுக்கும் தனியா முளைச்சுக்கும். மோட்டாரை நிறுத்திட்டு, சுண்ணாம்பைக் கரைச்சு ஊசியில எடுத்து அதோட வாயில வைங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணுக்கு மேல வேண்டாங்க," என்றார் கடைக்காரர்.

ஊசிக்கா பஞ்சம்? சர்க்கரைக்காக அவருக்குத் தினமும் இன்சுலின் போட்டது நான்தான். பிரிக்காத ஊசிகள் ஒரு டப்பா மிச்சம் இருந்தன.

அவருக்குப் போட்ட அதே காலை நேரத்தில், இரண்டு மூன்றாகப் பூக்களைத் தீர்த்தேன். அதற்குள் பவளம் பெரும்பாலும் வெளுத்துவிட்டது. ஓரத்தில் ஒரு விரல் அகலம்தான் பச்சை. அதை ஒட்டிக் கடைசிப் பூ. அந்த விரல் அகலத்தையாவது விட்டுவிடக் கூடாது என்று இருந்தது எனக்கு.

ஊசியைக் கிட்டே கொண்டுபோனேன்.

"பொறுத்துக்கோங்க, ஆயிருச்சு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் வயிற்றுச் சதையைப் பிடித்துக்கொண்டு தினமும் நான் சொன்ன வார்த்தை. கை முழங்கை வரை தண்ணீரில் இருக்க, நின்றபடியே அழுதேன். ஊசி நுனி பட்டுப் பூ உள்ளே சுருங்கிக்கொண்டது. அது மறுபடி விரியும் வரை காத்திருந்து போட்டேன்.

மறுநாள் காலை பழக்கத்தில் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் போய் நின்றேன். பச்சை அப்படியே இருந்தது. ஊசி போடத்தான் யாரும் இல்லை.