மாமாவின் கிட்டார் கேசட்டில் நான் பதிந்த ஜெபம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். ஜெபத்தைக் குறை சொல்வதாக யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். கர்த்தர் என் மனதை அறிவார்.

தேயிலை விலை விழுந்த காலம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் பறித்த கொழுந்தை ஃபேக்டரியில் வாங்க ஆளில்லை. அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். அம்மாவின் தம்பியான மாமா சர்ச்சில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர். அந்தக் கிறிஸ்துமஸ் சமயம் குன்னூரில் ஒரு ஹாலில், பாட்டே இல்லாமல், தோன்றியதைத் தோன்றியபடி ஒரு மணி நேரம் தனியாக வாசித்தார். சிநேகிதர் ஒருவர் அதை ஒரே ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தார். கேட்டுப் பிடித்தால் ஆல்பமாகப் போடுவதாகக் கோயம்புத்தூர் கேசட் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்.

"லைவ் ஆல்பம்க்கா. கைதட்டலோட வரும்."

"மொதல்ல கொழுந்து விக்கட்டும்டா, அப்பறம் நானும் கை தட்டறேன்" என்றாள் அம்மா.

மாமா கேசட்டைக் கோயம்புத்தூர் கொண்டுபோக இருந்ததற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, விலை ஏற வேண்டி சர்ச்சில் உபவாச ஜெபம். வர முடியாத அப்பாவுக்கு அதைப் பதிந்து அனுப்ப வேண்டும் என்று பத்து வயதான எனக்குத் தோன்றியது. வீட்டில் வெறும் கேசட் இல்லை. இருந்ததெல்லாம் கீர்த்தனைகளும் பிரசங்கங்களும். அவற்றை அழித்தால் பாவம். மாமாவின் கேசட்டில் வார்த்தையே இல்லை, ஆண்டவர் பெயரும் இல்லை. மேலே பதியாதபடி அதன் ஓரத்துப் பிளாஸ்டிக் பற்கள் இரண்டையும் மாமா உடைத்து வைத்திருந்தார். மறுபடி பதியும்படி அந்தக் குழிகளில் காகிதத்தை மடித்துத் திணித்தேன். போதகர் இரண்டு பக்கமும் நிரம்ப ஜெபித்தார்.

திங்கட்கிழமை கோயம்புத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் மாமா கேசட்டைப் போட்டுப் பார்த்தார். "இரக்கமுள்ள பிதாவே" என்று வந்தது. திருப்பிப் போட்டார். அங்கேயும் போதகர். நான் உண்மையைச் சொன்னேன். அம்மா கையை ஓங்கினாள்.

"உடுக்கா. ஜெபந்தானே" என்றார் மாமா.

"மறுக்கா வாசிங்க மாமா, நானே பதிஞ்சு தர்றேன்."

"என்ன வாசிச்சேன்னு எனக்கே தெரியாது அம்மணி. அன்னைக்கு வந்துச்சு, வாசிச்சேன்."

இருந்தாலும் எனக்காகக் கிட்டாரை எடுத்தார். பாதியில் கையை எடுத்துவிட்டார். "அப்பாவுக்கு அனுப்பிரு" என்று கேசட்டை என்னிடமே கொடுத்தார். பஸ்ஸுக்குப் போகவில்லை. சில வாரங்களில் அவரும் திருப்பூர் போனார். பிறகு அவர் வாசித்து நாங்கள் கேட்டதில்லை.

சர்ச்சில் பாட்டின் நம்பரைச் சொன்னால் போதும், பாட்டுப் புத்தகத்தில் அந்தப் பாட்டு இருக்கும். எப்போது திறந்தாலும் அதே பாட்டு. மாமாவின் வாசிப்பும் அப்படி எங்கோ எழுதியிருக்கும், கோபத்தில்தான் மறைக்கிறார் என்று நினைத்தேன். அவர் மனம் இளக வேண்டுமென்று தினமும் முழங்கால் போட்டு ஜெபித்தேன்.

யாரிடமாவது இதைச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். சின்னப்பிள்ளை தெரியாமல் செய்தது என்று எனக்காக ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம்.