ஏழுமலை அண்ணன் எழுதிய இரண்டாவது வரி

சேகர் சார் நேற்று போய்விட்டார். ஹார்ட் அட்டாக்.

பெரிய பிசினஸ் கன்சல்டன்ட். காலையிலிருந்து என் டைம்லைன் முழுக்க அவர் படம்தான். 'இன்னோவேஷன் குரு', 'எத்தனை கம்பெனிகளை வளர்த்தவர்'... படிக்கப் படிக்கக் குமட்டுகிறது.

செத்தவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் நான் அவரிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தவள்.

முதல் வேலை கொடுத்ததே அவர்தான். கண்டமங்கலத்துப் பெண், இங்கிலீஷ் தடுமாறும்... "உன் ஊர்ப் பேச்சுதாம்மா நமக்கு அசெட்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திண்டிவனம் பக்கம் ஒரு கடலை எண்ணெய் கம்பெனி. 'க்ரோத் ஒர்க்‌ஷாப்' என்று எல்லோருக்கும் மஞ்சள் சீட்டு கொடுத்தோம். கம்பெனி வளர என்ன செய்யலாம், எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும்.

ஒருத்தரும் எழுதவில்லை. சார் எனக்குக் கண் காட்டினார்.

"பயப்படாம எழுதுங்கண்ணே, நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான்" என்றேன்.

"நீ சொல்றியேன்னு எழுதறேம்மா" என்று முதலில் பேனா எடுத்தவர் ஏழுமலை அண்ணன். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொள்முதல் பார்ப்பவர். காயைக் காதோரம் குலுக்கியே எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

இரண்டே வரி எழுதினார். "சீசன் முடிஞ்சா நாலு மாசம் எங்களுக்கு வேல இல்ல. வண்டி குடுத்தா அப்ப ஊர் ஊரா போய் எண்ண வித்துத் தர்றோம்."

அந்த ரூமிலேயே உருப்படியான ஐடியா அது ஒன்றுதான்!

மறுநாள் அண்ணன் சீட்டை நான் டைப் செய்யும்போது சார் பின்னால் வந்து நின்றார். "ஸ்லைடுக்கு ஒரு பாயிண்ட் போதும்மா. ரெண்டாவது லைனைத் தூக்கிடு."

தூக்கினேன். ஏன் சார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. த்தூ... என்ன பிழைப்பு.

அடுத்த மாதம் கொள்முதல் ஆட்கள் பதினோரு பேரும் வீட்டுக்கு. கேட்டதற்கு கம்பெனியில், "நீங்களே வேலை இல்லன்னு எழுதிக் குடுத்தீங்களே" என்றார்களாம். எனக்கு ப்ரமோஷன். சார் கேக் வாங்கி வந்தார், நானும் தின்றேன்.

அந்த எண்ணெய் வண்டி ஐடியாவை மறு வருஷம் வேறொரு கம்பெனிக்குத் தன்னுடையது என்று கொடுத்தார். இன்றைக்கு எல்லோரும் அதைத்தான் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அருவருப்பாக இருக்கிறது. அவரை நினைத்தும், என்னை நினைத்தும்.

காலையில் ஏழுமலை அண்ணனுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். இப்போது விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன்.

"அடப் பாவமே... நல்ல மனுஷம்மா. கைகுடுத்துப் பேசுனாரு" என்றார்.

பிறகு அவரே, "நான்தான் எழுதத் தெரியாம இன்னாத்தையோ எழுதி அத்தன பேர் பொழப்பையும் கெடுத்துட்டேன். இன்னிக்கும் அவங்க எதுக்க வந்தா ஒதுங்கிக்கினு போறேம்மா" என்றார்.

இத்தனை வருஷமாக இதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். போனை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள் சார். வரவில்லை. விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். 'அண்ணே, நீங்கள் சரியாகத்தான் எழுதினீர்கள், அழித்தது நான்' என்று அவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

போய் வாருங்கள் சார்.