மார்கழிப் புல்லை எடை போட்டவர்

ஜபருல்லா இறந்த செய்தியை, என் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து அவர் மகள் சொன்னாள். நான் கோட்டைமேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க நேராததில் ஒரு நிம்மதி இருந்தது. அப்படி நினைத்ததற்காக வெட்கப்படுகிறேன்.

தீவனப் பண்ணையில் பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ஆராய்ச்சி உதவியாளன்; அவர் அறுத்த புல்லை எடை போட்டுக் குறிப்பவர். வேரில் ஒட்டிய மண்ணை உதறாமல் தராசில் வைக்கமாட்டார். "மண்ணையுமா சார் மாடு திங்கும்?" என்பார். அவசரத்தில் எனக்கு எரிச்சலாக வரும்.

தொண்ணூற்று இரண்டில் மார்கழிப் பனி கினியாப் புல்லை அப்படியே நிறுத்திவிட்டது. நாற்பத்தைந்து நாளில் அறுக்க வேண்டிய புல் முழங்கால் உயரம்கூட வரவில்லை. மேலதிகாரியோ, குளிரிலும் குறையாத பசுந்தீவனம் என்று துண்டுப் பிரசுரம் போடத் துடித்துக்கொண்டிருந்தார். எழுபது நாள் விட்டு அறுக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

"முத்திப்போயிருமுங்க சார். எடை வரும், ஆனா பூராத் தண்டு. மாடு எலையத் தின்னுபோட்டு மிச்சத்த ஒதுக்கிருமுங்க" என்றார் ஜபருல்லா.

எடை வந்தது. எத்தனை நாள் புல் என்பதை மட்டும் பிரசுரத்தில் எழுதாமல் விட்டேன்.

பிரசுரம் வெளிவந்து அடுத்த மார்கழியும் கழிந்த தை மாதம், கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து பழனியம்மாள் அந்தப் பிரசுரத்தோடு வந்தார். எங்களை நம்பி, சோளம் விதைக்கும் நிலத்திலும் கினியாவை நட்டிருந்தார்.

"சோளத்தட்டும் இல்லீங்க, புல்லும் வளரலீங்க. ஆறு மாட்டுக்கு நான் என்னத்தைங்க போடறது?"

"தண்ணி சரியாக் கட்டியிருக்க மாட்டீங்க" என்றார் அதிகாரி.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் என் வேலைக்கு ஆபத்து. திறக்காவிட்டால் பழி அவர் தலையில். மேசையில் இருந்த பிரசுரத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"அவங்க தண்ணி கட்டியிருப்பாங்க சார்" என்று வாசலில் நின்ற ஜபருல்லா சொன்னார். "பனிக்குப் புல்லு வளராதுங்க. அறுக்கற நாளத் தள்ளிப்போட்டு எடை காமிச்சது நானுங்க."

அவரை உடுமலைப்பேட்டைப் பக்கம் மாற்றினார்கள். போவதற்கு முன் ஊர் ஊராக அலைந்து பழனியம்மாளுக்குச் சோளத்தட்டு ஏற்பாடு செய்தார். எதற்காக அப்படிச் சொன்னீர்கள் என்று பேருந்து நிலையத்தில் கேட்டேன்.

"அவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு யாராச்சும் பதில் சொல்லோணுமில்லீங்களா?"

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "உடுங்க சார். இப்பச் சொன்னா நானும் பொய் சொன்னவனாயிருவேன்" என்றார். அதைக் காரணமாக வைத்துக்கொண்டு நான் இத்தனை வருடம் பேசாமல் இருந்தேன். பதவி உயர்வும் வாங்கினேன். உடுமலை வழியாகப் போகும் பேருந்தில் ஏறவே பயந்தேன்.

பண்ணை நண்பர்களே, அடக்கம் முடிந்த அன்று அவர் வீட்டு வாசலில், 'நல்ல மனுஷன், அந்த ஒரு தப்பு மட்டும் செய்யாமல் இருந்திருக்கலாம்' என்று பேசிக்கொண்டீர்கள். நானும் தலையாட்டினேன். அவரிடமிருந்து நான் திருப்பி எடுத்துக்கொள்வது அந்தத் தப்பு ஒன்றைத்தான். அது என்னுடையது. நாளைத் தள்ளிப்போட்டவன் நான்.